உருண்டை இன்னும் நடக்கலை

நாத்தனார்: போதும் அண்ணி, எழுந்திரிங்க. முட்டி தேஞ்சுடப் போகுது.

அண்ணி: இரு... இந்த மூலையில இருந்து கண்ணாடி தெரியுதான்னு பாக்குறேன். ஆங்... தெரியுது. என் மூஞ்சி தெரியுது.

நாத்தனார்: பிள்ளைங்க பயப்படாம இருந்தா சரி.

அண்ணி: கொழுப்பு. போன தடவை இதே கண்ணாடியை எங்க மாட்டியிருந்தோம், சொல்லு.

நாத்தனார்: நீங்க தலை வாரிக்கிற உயரத்துல.

அண்ணி: நம்ம காப்பகத்தைச் சோதிக்க வந்த அந்த அதிகாரியம்மா என்ன கேட்டாங்க?

நாத்தனார்: "இந்த ரூமை யாருக்காகப் போட்டீங்க? பிள்ளைங்களுக்கா, உங்களுக்கா?"

அண்ணி: அந்த ஒரு கேள்வியிலயே என் தூக்கம் போச்சு. கண்ணாடி மேல, படமெல்லாம் மேல, பொம்மை அலமாரி அதுக்கும் மேல... ரெண்டு வயசுப் பிள்ளைக்கு இந்த ரூம்ல என்ன தெரிஞ்சிருக்கும்? நம்ம ரெண்டு பேர் முழங்காலும் வெறும் சுவரும்தான்.

நாத்தனார்: அதுக்குத்தானே இப்ப முட்டி போட்டே குடித்தனம் நடத்துறோம். நேத்து அண்ணன் கேக்குறாரு, "ரெண்டு பேரும் என்ன, கம்மல் திருகாணியைத் தொலைச்சிட்டீங்களா?"ன்னு.

அண்ணி: உங்கண்ணன் வாயைத் திறக்காம இருந்தாலே பாதி புண்ணியம். போன தடவை அந்தம்மாகிட்ட போய், "வளர்ந்தா எட்டிடும் மேடம்"னு சொன்னாரே மனுஷன்!

நாத்தனார்: அதான் இன்னைக்கு வெளிய கேட்டுக்கு பெயிண்ட் அடிங்கன்னு அனுப்பிட்டேன்.

அண்ணி: கேட்டுக்கு இப்பத்தானே அடிச்சோம்?

நாத்தனார்: இன்னொரு தடவை அடிக்கட்டும். கேட்டு ஒண்ணும் கோவிச்சுக்காது.

அண்ணி: அது சரி... ஆமா, இந்த உருண்டைப் பயலை ஏன் இன்னும் இடுப்புலயே வச்சிருக்க? பேபி ரூம்ல இறக்கி விடு, தவழட்டும்.

நாத்தனார்: வேணாம் அண்ணி. இறக்கினா அழுவான்.

அண்ணி: எங்க அழறான்? பல்லைக் காட்டிக்கிட்டில்ல இருக்கான்.

நாத்தனார்: இடுப்புல இருக்குறதாலதான் சிரிக்கிறான்.

அண்ணி: உன் இடுப்பு, உன் பாடு. பாரு, கால்ல இன்னைக்கும் வெறும் சாக்ஸுதான். இவன் அம்மா பஸ் ஓட்டுறா, ஊரையே ஏத்திக்கிட்டுப் போறா, பெத்த பிள்ளைக்கு ஒரு ஷூ வாங்கிப் போட மாட்டேங்குறா. கேட்டா, "நடக்காத பிள்ளைக்கு ஷூ எதுக்குக்கா"ங்கறா.

நாத்தனார்: இந்தக் கனத்தை பஸ் ஸ்டாப்ல இருந்து தோள்லயே தூக்கிட்டு வர்றாளே, அதைச் சொல்லுங்க. ஒரு வண்டியில வச்சுத் தள்ளிட்டு வரக்கூடாதா?

அண்ணி: தாய் மனசு. நமக்கென்ன.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: ம்?

நாத்தனார்: இன்னைக்கு இந்த ரூமுக்குக் கையெழுத்து விழலைன்னா என்ன ஆகும்?

அண்ணி: திரும்பவும் மனு, திரும்பவும் வரிசை. அடுத்து எப்ப வருவாங்களோ, யார் கண்டா.

நாத்தனார்: அதுக்குள்ள உருண்டை நடந்துட்டா?

அண்ணி: தெரிஞ்ச கதையை ஏன் கேக்குற? நடக்குற பிள்ளை, படுத்திருக்குற பிள்ளைங்களோட இருக்கக் கூடாது. மிதிச்சிடும். பேபி ரூமை விட்டு வெளிய வந்தே ஆகணும்.

நாத்தனார்: வந்தா இந்த ரூம். இந்த ரூமுக்கு இன்னும் அனுமதி இல்லை.

அண்ணி: அனுமதி இல்லைன்னா அவனுக்கு நம்மகிட்ட இடமும் இல்லை. விடியக்காலை ஷிப்ட்டுக்குப் போறவளுக்கு வேற எவன் அந்த நேரத்துக்குக் கதவைத் திறந்து வச்சிருக்கான்? பிள்ளையை ஸ்டீயரிங்ல கட்டிக்கிட்டா ஓட்டுவா? வேலையை விட்டுட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான். வீட்டுல சம்பாதிக்கிறது அவ ஒருத்தி.

நாத்தனார்: ...அவன்தான் இன்னும் நடக்கலையே.

அண்ணி: நடக்கலை. நடந்தான்னு நான் சொன்னேனா?

நாத்தனார்: நானும் சொல்லலையே.

அண்ணி: அப்புறம் என்ன?

நாத்தனார்: ஒண்ணுமில்லை... ஆமா, பேபி ரூம்ல படுத்திருக்குற சின்னதுங்களை ஏன் அந்த மூலைக்கு மாத்தி, குறுக்க தடுப்பு வச்சிருக்கீங்க?

அண்ணி: அது... ஜன்னல் காத்து ஒத்துக்காதுன்னு.

நாத்தனார்: ஜன்னலே அந்த மூலையிலதானே இருக்கு?

அண்ணி: நல்ல காத்து வேணும்ல பிள்ளைங்களுக்கு! நீ என்ன, அதிகாரியம்மாவுக்கு முன்னாலயே என்னை விசாரிக்கிற?

நாத்தனார்: சரி சரி. ஒருவேளை இங்க ஏதாவது பிள்ளை நடந்தாலும், நம்ம வழக்கம்தான் இருக்கே...

அண்ணி: எந்தப் பிள்ளையும் இங்க முதல் அடி வைக்காது. வீட்டுல, பெத்தவங்க கண்ணு முன்னாலதான் வைக்கும். நாள் முழுக்கப் பிள்ளையை நம்மகிட்ட விட்டுட்டுப் போறவங்களுக்கு அதையாவது மிச்சம் வைக்கணும்.

நாத்தனார்: முன்னால நம்மகிட்ட இருந்த மின்னலோட அப்பா, "நேத்து நடந்துட்டா, நடந்துட்டா"ன்னு ஓடி வந்தாரே... அப்ப நீங்க "அய்யய்யோ, நிஜமாவா!"ன்னு வாயைப் பிளந்ததைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அவ முந்தின நாள் நம்ம கண்ணு முன்னாலதான் இந்த வராந்தாவையே அளந்தா.

அண்ணி: அதெல்லாம் தொழில் தர்மம்... பெல் அடிக்குதா?

நாத்தனார்: அடிக்குது. அண்ணி, அவங்களேதான்.

அண்ணி: கதவைத் திற. வாங்க மேடம், வாங்க, வாங்க!

அதிகாரி: வணக்கம். வெளிய ஒருத்தர் நல்லா இருக்குற கேட்டுக்கு பெயிண்ட் அடிச்சிட்டிருக்கார். தெரியாம கையை வச்சிட்டேன்.

நாத்தனார்: அய்யோ, கையெல்லாம் பச்சை! இருங்க மேடம், மண்ணெண்ணெய் கொண்டு வர்றேன்.

அதிகாரி: பிள்ளைங்க இருக்குற இடத்துல மண்ணெண்ணெய் வச்சிருக்கீங்களா?

அண்ணி: இல்ல மேடம்! சத்தியமா இல்ல! அவ வாய்க்கு வந்ததைச் சொல்றா. சோப்பு போட்டாலே போயிடும். அந்தப் பக்கம் குழாய்...

அதிகாரி: ம்ம்... குழாய் எங்க? ஓ, இங்க கீழயா?

அண்ணி: பிள்ளைங்க குழாய் மேடம். பெரியவங்க கொஞ்சம் மடங்கணும்.

அதிகாரி: மடங்குறேன். அப்படித்தான் இருக்கணும். சோப்பும் எட்டுது, துண்டும் எட்டுது... போன தடவை இது எல்லாம் என் தோளுக்கு இருந்துச்சு. அடுத்த ரூம்ல யாரு இவ்வளவு சத்தம்?

நாத்தனார்: கேள்வி கேக்குற ரூம் மேடம்.

அதிகாரி: என்னது?

அண்ணி: மூணு வயசுக்கு மேல இருக்குறவங்க. நாங்க அப்படித்தான் சொல்லுவோம்... படுக்குற ரூம், ஓடுற ரூம், கேள்வி கேக்குற ரூம். அவங்களோட டீச்சர் இருக்காங்க. அந்த ரூமுக்கு நீங்க போன தடவையே கையெழுத்துப் போட்டுட்டீங்க.

அதிகாரி: அப்ப படுக்குற ரூம் வழியா ஓடுற ரூமுக்குப் போவோம். இங்க ஒரு மெத்தை போடுங்க.

அண்ணி: நாற்காலியே இருக்கு மேடம், உக்காருங்க.

அதிகாரி: உக்கார இல்ல. படுக்க.

நாத்தனார்: உடம்பு சரியில்லையா மேடம்?

அதிகாரி: இந்த ரூம்ல இருக்குறவங்க நாளெல்லாம் எதைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க?

நாத்தனார்: ...மேல.

அதிகாரி: அப்ப நானும் மேலதான் பாக்கணும். ம்ம்... லைட்டுக்கு மூடி போட்டாச்சா. கண்ணு கூசலை. அந்தக் காகிதப் பறவை நல்லா இருக்கு. பால் கலக்குற இடம்?

அண்ணி: அந்தக் கோடியில மேடம். டயப்பர் மாத்துற மேஜை இந்தக் கோடியில. குழாயும் தனித்தனி.

அதிகாரி: சின்னதுங்களுக்குத் தனித் தடுப்பா? இதை நான் சொல்லலையே.

நாத்தனார்: காத்துக்காக மேடம்.

அண்ணி: ஆமா... காத்துக்காக.

அதிகாரி: ஓஹோ. இவன் யாரு, உங்க இடுப்புல?

நாத்தனார்: உருண்டை மேடம். இந்த ரூம்லயே பெரிய ஆளு.

அதிகாரி: நான் வந்ததுல இருந்து இவன் தரையில இறங்கலை. நடக்கிறானா?

நாத்தனார்: இல்ல மேடம்.

அண்ணி: இல்ல மேடம்.

அதிகாரி: ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்றீங்க. இறக்கி விடுங்க, பாக்கலாம்.

நாத்தனார்: அழுவான்...

அதிகாரி: அழாத பிள்ளை எங்க இருக்கு? விடுங்க.

நாத்தனார்: ...டேய் உருண்டை... செல்லம்... அப்படியே உக்காருடா ராஜா...

அதிகாரி: தடுப்பைப் பிடிச்சு எழுந்துட்டானே.

அண்ணி: பிடிச்சு நிப்பான் மேடம். நிக்கிறது எல்லாம் நடக்கிறது ஆயிடுமா?

அதிகாரி: ஒரு கையை விட்டுட்டான்.

அண்ணி: டேய், கெட்டியாப் பிடிச்சுக்கோடா!

அதிகாரி: ரெண்டு கையையும் விட்டுட்டான்.

நாத்தனார்: உக்காருடா ராஜா, உக்காரு...

அதிகாரி: என்னையே உத்துப் பாக்குறான்... ம்ம், உக்காந்துட்டான்.

அண்ணி: அப்பாடா!

அதிகாரி: என்ன அப்பாடா?

அண்ணி: அடி படாம உக்காந்தானேன்னு மேடம்.

அதிகாரி: சரி. தூக்கிக்குங்க. ஓடுற ரூமைக் காட்டுங்க... இப்ப நான் இந்த ரூம் டயப்பர் மேஜைகிட்ட நிக்கிறேன். நீங்க ஒரு குறும்புக்காரப் பிள்ளை. எங்கயாவது போய் ஒளிஞ்சுக்குங்க.

அண்ணி: நானா?

அதிகாரி: நீங்கதான். குனிஞ்சு போங்க, பிள்ளை உயரத்துக்கு.

அண்ணி: இந்த அலமாரிக்குப் பின்னால...

அதிகாரி: தெரியுது.

அண்ணி: இங்க?

அதிகாரி: முதுகு தெரியுது.

நாத்தனார்: முதுகு எங்க போனாலும் தெரியும் மேடம். அது எங்க அண்ணியோட அமைப்பு.

அண்ணி: இரு, உனக்கு இருக்கு...

அதிகாரி: நல்லது. போன தடவை இந்த மேஜைகிட்ட நின்னா சுவர்தான் தெரிஞ்சது. பின்னால ஒரு பிள்ளை பென்சிலை முழுங்கினாலும் தெரியாது. இப்ப ரூம் முழுக்கக் கண்ணு முன்னால இருக்கு. இது என்ன, ஒரே மாதிரி மூணு லாரி?

நாத்தனார்: இந்த வயசுல பங்கு போட்டுக்கத் தெரியாதே மேடம். ஒரு லாரி மட்டும் வச்சா, ஆளுக்கொரு பல்லுத் தடம்தான் மிஞ்சும்.

அதிகாரி: இந்த அலமாரியை இழுக்கப் போறேன்.

அண்ணி: இழுங்க மேடம்.

அதிகாரி: தொங்கப் போறேன்.

நாத்தனார்: தாராளமா தொங்குங்க மேடம். அண்ணன் சுவரோட சேர்த்து முடுக்கிட்டாரு. சுவர் போனாத்தான் அலமாரி போகும்.

அதிகாரி: ...அசையலை. படம் எல்லாம் பிள்ளைங்க கண்ணு மட்டத்துக்கு வந்துடுச்சு. கண்ணாடியும்தான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

அண்ணி: முட்டி போட்டு மேடம். ரெண்டு பேரும் ரூம் பூரா தவழ்ந்து தவழ்ந்து பார்த்தோம்.

அதிகாரி: உழைச்சிருக்கீங்க. ரொம்ப நல்லா... இருங்க. இந்த வாசல்ல இது என்ன?

அண்ணி: எது மேடம்?

அதிகாரி: ரெண்டு ரூமுக்கும் நடுவுல, தரையில ஒரு கட்டை.

அண்ணி: அது... எங்க வீட்டுக்காரர் அழகுக்கு அடிச்சது.

அதிகாரி: ரெண்டு விரல் உயரம் இருக்கு. இத்தனை தவழ்ந்தீங்களே, இது உங்க கண்ணுல படலையா?

அண்ணி: முட்டியில இடிக்கலை மேடம். அப்படியே தாண்டிப் போயிடுவோம்...

அதிகாரி: அதான் விஷயம். நீங்க தவழ்ந்து பார்த்திருக்கீங்க. இந்த ரூமுக்கு வர்றவன் தவழ மாட்டான்மா. இப்பத்தான் நடக்கவே கத்துக்கிட்டிருப்பான். காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு வருவான். அவனுக்குப் போய் வாசல்லயே தடுக்கி விழ ஒரு கட்டை வச்சிருக்கீங்க. முதல் பிள்ளையே உடைஞ்ச மூக்கோடதான் உள்ள வரும்.

நாத்தனார்: அதெல்லாம் விழ மாட்டான் மேடம், காலை நல்லாத் தூக்கி வச்சுத் தாண்டி...

அதிகாரி: யாரு?

நாத்தனார்: அது வந்து மேடம்...

அதிகாரி: யாரு தாண்டுறது?

அண்ணி: முட்டி மேடம்! முட்டியைத் தூக்கி. தவழும்போது முட்டியை நல்லாத் தூக்கித் தாண்டுவான்னு சொல்ல வர்றா.

அதிகாரி: முட்டியை.

நாத்தனார்: முட்டியைத்தான் மேடம்.

அதிகாரி: காலைன்னு சொன்னீங்க.

நாத்தனார்: முட்டியும் கால்லதானே மேடம் இருக்கு...

அதிகாரி: சரி, முட்டிதான்... இவன் அம்மா என்ன வேலை பாக்குறாங்க?

அண்ணி: பஸ் ஓட்டுறா மேடம். விடியக்காலை ஷிப்ட்டு. இந்தப் பக்கமாத்தான் வரும் அந்த பஸ்.

அதிகாரி: நான் வந்த பஸ்ஸைக் கூட ஒரு பொண்ணுதான் ஓட்டினாங்க. ஒரு குலுக்கல் இல்லை. ஏறுறவங்க உக்கார்ற வரைக்கும் வண்டியை எடுக்கலை... ம்ம். கட்டை இருக்குற வரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது.

அண்ணி: மேடம்! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்காதீங்க மேடம்...

அதிகாரி: நான் கிளம்புறேன்னு சொன்னேனா? கட்டையைப் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகும்?

நாத்தனார்: அண்ணே! பெயிண்டை அப்படியே போட்டுட்டு ஓடி வாங்க! கடப்பாரை... கடப்பாரையோட வாங்க!

அதிகாரி: கடப்பாரை எதுக்கும்மா? ஆணிதானே அடிச்சிருக்கு.

அண்ணி: வந்துட்டீங்களா? ஒண்ணும் பேசாதீங்க. இந்தக் கட்டையைப் பிடுங்குங்க... ஆமா, இதான். அழகெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பேசாதீங்கன்னு சொன்னேன்ல.

அதிகாரி: வந்துடுச்சு... கீழ தரை சமமாத்தானே இருக்கு! ஆணி ஓட்டையை மட்டும் அடைச்சிடுங்க. கையை வச்சுத் தடவிப் பாக்குறேன்... ம். சரி. போட்டாச்சு.

அண்ணி: என்ன மேடம்?

அதிகாரி: கையெழுத்துதான். வேற என்ன போடுவாங்க?

நாத்தனார்: அண்ணி!

அண்ணி: இரு... எனக்கு அழுகை வருது... மேடம், ரொம்ப... ரொம்ப நன்றி மேடம்.

அதிகாரி: நாளைக்கே அவனை இந்த ரூமுக்கு மாத்திடுங்க. இவ்வளவு நல்லா முட்டியைத் தூக்குற பிள்ளை பேபி ரூம்ல இருக்கக் கூடாது. நான் வர்றேன்... அந்த கேட்டை யாராவது திறந்து விடுங்க, நான் தொட மாட்டேன்.

அண்ணி: போயிட்டாங்களா?

நாத்தனார்: தெரு திரும்பிட்டாங்க.

அண்ணி: அப்பாடா... இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. சரி, சொல்லு. எப்ப இருந்து?

நாத்தனார்: எது?

அண்ணி: முழுப் பூசணிக்காயை இடுப்புல வச்சு மறைச்சியே, அது.

நாத்தனார்: ...போன வாரம் அண்ணி. நீங்க கடைக்குப் போயிருந்தப்ப, காலி ரூம்தானேன்னு கதவைத் திறந்து விட்டேன். லாரியைப் பார்த்தான்... கட்டையைத் தாண்டி விடுவிடுன்னு போயிட்டான். உங்ககிட்ட சொன்னா ரூல், அது இதும்பீங்க. அதான் தரையில விடாமத் தூக்கிக்கிட்டே திரிஞ்சேன். என் இடுப்பு என்கிட்ட இல்லை.

அண்ணி: எனக்கு அதுக்கும் முன்னாலயே தெரியும்.

நாத்தனார்: என்னது!

அண்ணி: நீ பால் கலக்கப் போயிருந்தப்ப. தடுப்பை விட்டுட்டு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தான். ரூல் தப்பில்லம்மா. சின்னதை மிதிச்சிட்டா யார் பதில் சொல்றது? அதான் அதுங்களை மூலைக்கு மாத்தித் தடுப்பு வச்சேன். ஆனா இவன் அம்மாவைக் கூப்பிட்டு, நாளைக்குப் பிள்ளையைக் கொண்டு வராதேன்னு சொல்ல... எனக்கு வாய் வரலை.

நாத்தனார்: காத்துன்னீங்க!

அண்ணி: நீ அழுவான்னியே!

நாத்தனார்: ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு... சிரிக்காதீங்க அண்ணி, எனக்கும் வருது. ஷ்... பஸ்காரம்மா வர்றா. நம்ம வழக்கத்தை மறந்துடாதீங்க.

அண்ணி: மறப்பேனா? வாம்மா, வா. ஏன் வாசல்லயே நிக்கிற?

பஸ்காரம்மா: அக்கா... இன்னைக்கு அந்த மேடம் வர்றாங்கன்னு சொன்னீங்களே. நாள் பூரா ஸ்டீயரிங்ல கை ஓடலை. என்னாச்சுக்கா?

அண்ணி: கையெழுத்து ஆயிடுச்சு. உன் பிள்ளைக்கு நாளையில இருந்து புது ரூம்.

பஸ்காரம்மா: நிஜமாவா? அப்புறம் மாத்திச் சொல்ல மாட்டாங்களே?

நாத்தனார்: மாத்த மாட்டாங்க. ஏய்... எதுக்கு இப்ப அழற?

பஸ்காரம்மா: ஒண்ணுமில்லக்கா... சும்மா... சந்தோஷம்தான்.

அண்ணி: கண்ணைத் துடை. இன்னொண்ணு... வீட்டுக்குப் போனதும் இவனைக் கொஞ்சம் கவனமாப் பாரு. இன்னைக்கோ நாளைக்கோ நடந்துடுவான்னு எனக்குத் தோணுது.

நாத்தனார்: ஆமா, எனக்கும் அப்படித்தான் தோணுது. ரெடியா இரு.

பஸ்காரம்மா: அப்ப... இனிமே அவன் நடந்தாப் பரவாயில்லையாக்கா?

அண்ணி: தாராளமா நடக்கட்டும். ஓடட்டும்.

பஸ்காரம்மா: இங்கேயே நடந்தாலும்?

அண்ணி: எங்க வேணா நடக்கட்டும்மா. அதுக்குத்தானே ரூம்.

பஸ்காரம்மா: டேய் தங்கம், இங்க வா... காலை நீட்டு.

நாத்தனார்: பையில இருந்து என்ன எடுக்குற? ஓ, ஷூவா! பாருங்க அண்ணி, கடைசியில வாங்கிட்டா.

பஸ்காரம்மா: புதுசு இல்லக்கா.

அண்ணி: கொடு பாப்போம்... என்னம்மா இது, அடியெல்லாம் இப்படித் தேஞ்சு போயிருக்கு?

பஸ்காரம்மா: என்னை மன்னிச்சிடுங்கக்கா. பஸ் ஸ்டாப்ல இருந்து உங்க தெரு முனை வரைக்கும் தினமும் அவன் நடந்துதான் வருவான். முனை வந்ததும் ஷூவைக் கழட்டிப் பையில போட்டுட்டுத் தோள்ல தூக்கிப் போட்டுக்குவேன். "அங்க போனா நடக்கக் கூடாதுடா, தவழ்ந்துக்கோடா"ன்னு காதுல சொல்லிச் சொல்லித்தான் உள்ள கொண்டு வருவேன்... சொன்ன பேச்சைக் கேட்டுட்டான்ல அக்கா? இங்க ஒரு அடிகூட வைக்கலைல்ல?

அண்ணி: ஒரு அடிகூட வைக்கலைம்மா.